திருத்தாத எண்

கண்ணாடிக் குழாயில் படிந்த மூச்சாவியை முந்தானையால் துடைத்துவிட்டு, அப்சர்வர் அக்கா இரண்டாம் முறையாகக் குனிந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தஞ்சாவூருக்குக் கிழக்கே ஓர் அரசு விதைப்பண்ணையில் அப்போது நான் உதவி வேளாண்மை அலுவலர். பண்ணை ஓரத்தில் நான்கு கால்களில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானிகள் இருக்கும். தினமும் காலையில் அவற்றைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவது அக்காவின் வேலை. அன்று எழுதாமல் என்னைக் கூப்பிட்டார்.

"சார், நீங்களும் பாருங்க. நான் ஒருத்தி பாத்தா பத்தாது."

பார்த்தேன். அந்தப் பதிவேட்டில் அதுவரை யாரும் எழுதியிராத அளவுக்குக் குறைந்த எண்.

தை பிறந்து சில நாட்களே ஆகியிருந்தன. ஐப்பசியில் வயல்களை மூழ்கடித்த மழை, அதன்பின் சட்டென்று நின்றுவிட்டது. வானத்தில் மேகமே இல்லை. வடக்கிலிருந்து வறண்ட காற்று விடாமல் வீசியது. "மேகந்தான் சார் நிலத்துக்குப் போர்வை. அது இல்லாததால பகல்ல வாங்குன சூடெல்லாம் ராத்திரியில மேல போயிடுது" என்றார் அக்கா. ஊரில் தேங்காய் எண்ணெய் மதியம்வரை உருகவில்லை. தயிர் உறையவில்லை. பேருந்து நிறுத்தத்தில் பிள்ளைகள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு நின்றார்கள்.

எண்ணைக் கேட்டதும் மேலலுவலகத்திலிருந்து போன் வந்தது. டெல்டாவில் ஏது இவ்வளவு குளிர், தெர்மாமீட்டர் கெட்டிருக்கும், இரண்டு டிகிரி கூட்டிப் போடச் சொல்லுங்கள் என்றார்கள். எனக்கு வேலையில் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "போட்டுடுங்கக்கா, ரெண்டு டிகிரியில என்ன ஆயிடப் போகுது?" என்றேன்.

அக்கா கோபப்படவில்லை. அலமாரியில் இருந்த மாற்று வெப்பமானியை எடுத்துவந்து பெட்டிக்குள் பழையதன் பக்கத்தில் வைத்தார். மறுநாள் காலை இரண்டும் ஒரே அளவைக் காட்டின. முந்தைய நாளைவிடவும் குறைவு. இரண்டு நாள் எண்களையும் மையால் எழுதிக் கையெழுத்திட்டார். "என்னைக் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன் சார்" என்றார். அந்த வாரம் முழுவதும் குளிர் விடவில்லை.

தை மாதக் கடைசியில் ஒரு குத்தகைக்கார அம்மா கையில் நெற்கதிர்களோடு பண்ணைக்கு வந்தார். கணவர் சிங்கப்பூரில் இருந்ததால் விவசாயத்தைத் தனியாகப் பார்த்துவந்தவர். ஐப்பசி வெள்ளத்தில் நட்ட பயிர் அழுகியபோது, நிலத்தைச் சும்மா போட்டுவிடச் சொன்னார் அவர் கொழுந்தனார். மறுபடி நடலாம் என்று சொல்லி விதை கொடுத்தவன் நான். என் பேச்சை நம்பி நட்டார்.

"கதிர் தலை சாயவே இல்ல சார். அத்தனையும் சாவி, வெறும் பதரு. நீங்க குடுத்த விதை பொய்யின்னு ஊரே சொல்லுது. என் கொழுந்தனார் என்னைத்தான் சொல்றார், பொம்பள புத்தின்னு."

கதிரை நசுக்கிப் பார்த்தேன். உள்ளே ஒன்றுமில்லை. அக்காதான் பதிவேட்டை எடுத்துக்கொண்டு எங்களோடு வயலுக்கு வந்தார். நட்ட தேதியையும் பூத்த நாட்களையும் கேட்டு, குளிர் வாரத்தோடு ஒப்பிட்டுக் காட்டினார். அதே விதையை மேட்டு வயலில் முன்னதாகவே நட்டவர்களுக்குக் கதிர் முற்றிச் சாய்ந்திருந்தது. இவர் வயல் பூத்த நாட்களும் குளிர் உச்சத்தில் இருந்த நாட்களும் ஒன்றாகவே இருந்தன. "பூக்குற நேரத்துல இவ்வளவு குளுந்தா மகரந்தம் செத்துடும்மா. அப்புறம் மணி பிடிக்காது. விதை மேலயும் தப்பில்ல, உங்க மேலயும் தப்பில்ல."

அந்த அம்மா பதிவேட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். "என் மேல தப்பில்லேன்னு இதை எழுதிக் குடுப்பீங்களா? வீட்டுல காட்டணும்." அக்கா வரப்பிலேயே உட்கார்ந்து, தேதியும் எண்ணுமாக அந்த வாரம் முழுவதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார்.

இன்று அந்த எண்கள் தானியங்கிக் கருவியிலிருந்து நேராக என் போனுக்கு வருகின்றன. யாரும் என்னிடம் திருத்தச் சொல்வதில்லை. அப்படிச் சொல்லக்கூடிய ஒருவனாக நானும் இருந்தேன் என்பதை மட்டும் மறக்க முடியவில்லை. அன்று வரப்பில் அதை அந்த அம்மாவிடமே சொன்னேன்.

"இந்த எண்ணை மாத்தச் சொன்னவங்கள்ல நானும் ஒருத்தன்மா."

தாளை மடித்து இடுப்பில் செருகியபடி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அடுத்த போகம் அறுத்ததும் புது அரிசியில பொங்கல் வைப்பேன். அக்காவை வரச் சொல்லுங்க" என்றார். சற்றுத் தள்ளிப் போனபின் திரும்பி, "சரி, நீங்களும் வாங்க" என்றார்.