காணிக்கை வைத்த வெள்ளைக்கல்

என் வீட்டுக்காரர் வளைகுடாவில் ஒரு தங்கச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போனபோது, எங்கள் ஊர் மாதா கோயிலில் நேர்ந்துகொண்டேன். 'அவர் குழிக்குள்ளிருந்து நல்லபடியாக ஏறி வரட்டும். அவர் கையால் எடுக்கும் முதல் தங்கத்தை உமக்கே வைக்கிறேன், தாயே.'

இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தவர் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு வெள்ளைக்கல். தேங்காய்மூடி அளவு இருக்கும். குறுக்கே ஒரு சாம்பல் வரி, ஓரத்தில் மினுக்குகிற மஞ்சள் பொட்டுகள்.

"நான் ஒடைச்ச மொத கல்லு. சூப்பர்வைசரே வச்சுக்கன்னு குடுத்தாரு."

எங்கள் பக்கம் எவ்வளவு ஆழம் வெட்டினாலும் களிமண்தான். கல் என்றால் லாரியில் வருவது. எனக்கென்ன தெரியும்? திருத்துறைப்பூண்டியில் நகை செய்யும் பத்தரிடம் கொண்டுபோனேன். மஞ்சள் பொட்டு ஒன்றைக் கிள்ளி உரைகல்லில் இழுத்தார். கறுப்பாகக் கோடு விழுந்தது.

"தங்கம்னா மஞ்சளா இழுக்கும்மா. அவர யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க."

வீட்டில் சொன்னதும் அவர் சிரித்தார்.

"மினுக்குறது இரும்பும் கந்தகமும். தங்கம் அந்தச் சாம்ப வரியில இருக்கு, வெள்ளியும் கலந்து. கண்ணுக்குத் தெரியாது."

"தெரியாதது எப்புடிங்க உள்ள போச்சு?"

"பாற வெடிப்புல சுடுதண்ணி ஏறி வரும். கந்தகத்தோட சேந்து தங்கம் அதுல கரைஞ்சிருக்கும். மேல வர வர அழுத்தம் கொறையும், சூடு ஆறும். தாங்க முடியாம தண்ணி தங்கத்த அங்கயே போட்டுடும். நம்ம வாய்க்கா வேகம் கொறைஞ்சா வண்டலப் போடுதுல்ல, அது மாதிரி."

வண்டல் புரிந்தது. தங்கம் தண்ணீரில் கரைவதுதான் புரியவில்லை. தாலிச் செயினோடு தினமும் குளிக்கிறேன், கரையவில்லையே.

"அப்ப என் நேத்திக்கடன் தீந்துச்சா?"

"வாக்குக் குடுத்தது நீ. என்னயக் கேக்குற."

பதினைந்து நாளில் அவர் திரும்பவும் குழிக்குப் போகவேண்டும். கடனை வைத்துக்கொண்டு அனுப்ப மனம் ஒப்பவில்லை. கடையில் தங்கம் வாங்கி வைத்தால் அது அவர் கையால் எடுத்ததாகாது. கல்லையே கொண்டுபோய் மாதா காலடியில் வைத்தேன்.

கோயிலைக் கவனித்துக்கொள்ளும் உபதேசியார் குனிந்து பார்த்தார். "என்னம்மா, கல்லக் கொண்டாந்து வைக்கிறீங்க?"

"தங்கம் இருக்குங்க ஐயா."

"எங்க?"

"தெரியாதுங்களாம்."

கல்லை ஒருமுறை புரட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

வீட்டுக்காரர் விமானம் ஏறிய மறு ஞாயிறு கோயிலுக்குப் போனேன். மேலே சுற்றும் காற்றாடிக்குப் பறக்காதபடி பீடத்துணியின் முனையில் என் கல்லை வைத்திருந்தார்கள். முழங்கால் போட்டேன். 'தாயே, நான் வைத்தது தங்கம்தானா? அவர் மறுபடியும் குழிக்குள் இறங்கியிருக்கிறார். உமக்காவது அது தெரிகிறதா?'