புள்ளியில் தொடங்கும் வரி

அலுவலகத்தில் அவளை எல்லோரும் புள்ளியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் பத்திரமாக இருந்தது. அவள் மேசையைத் தாண்டிப் போகிற யார் எட்டிப் பார்த்தாலும் திரை முழுக்கப் புள்ளி தெரியும். வரிக்கு வரி தலையில் ஒரு புள்ளி, அதை ஒட்டி இரண்டு எழுத்து. பார்க்கிறவர்களுக்கு அது கிறுக்கல். அவளுக்கு அது பதினாறு வருஷத்துப் பிழைப்பு.

அந்த நிறுவனம் செய்வது நகலெடுக்கும் மென்பொருள். கணினியில் உள்ளதை இன்னொரு இடத்தில் பத்திரமாக நகலெடுத்து வைக்கும், பழைய நகல்களைக் கழித்துக் கட்டும். அதில் ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கையேட்டுப் பக்கம் உண்டு. கறுப்புத் திரையில் கட்டளையின் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கம் வந்து நிற்கும்: தலைப்பு தனியாக, முக்கியமான சொல் தடித்த எழுத்தில், உதாரணம் கொஞ்சம் உள்ளே தள்ளி. இது தானாக வருவதில்லை. கோப்பில் புள்ளி வைத்துத் தொடங்கும் வரியெல்லாம் பக்கத்தை வடிவமைக்கும் நிரலுக்கான உத்தரவு. ‘இதைத் தலைப்பாக்கு’, ‘இதை உள்ளே தள்ளு’ என்று புள்ளி சொல்லும், நிரல் செய்யும். உத்தரவு மட்டும் வாசகன் கண்ணில் படாது. அந்தப் புள்ளிகளைப் பேணுவதுதான் அவள் வேலை.

"நீ பண்றதும் என் தொழில்தான். உள்தையல் வெளிய தெரியக்கூடாது" என்பார் அவள் வீட்டுக்காரர். அவர் தையற்காரர். வீட்டு முன்னறையில் இரண்டு மெஷின் போட்டுத் தைக்கிறார்.

ஆனால் சட்டையையாவது யாரோ ஒருத்தர் போட்டுக்கொண்டு தெருவில் நடப்பார். இவள் பக்கங்களை யார் படித்தார்கள்? மதியச் சாப்பாட்டு மேசையில் மேலாளருக்கு இதுதான் நிரந்தர நகைச்சுவை. "இப்பல்லாம் யாரும்மா மேனுவல் படிக்கிறாங்க? தப்பு வந்தா வீடியோ பாக்கறாங்க. இந்தப் பக்கத்தையெல்லாம் நிறுத்திடலாம்னு நானும் சொல்லிட்டே இருக்கேன்." அவள் தயிர்ச்சாதத்தைப் பார்த்தபடி "சரி சார்" என்பாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு எரியும். உப்பின் அருமை உப்பு இல்லாதபோதுதான் தெரியும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கையைக் கழுவிவிட்டு வந்து மறுபடி புள்ளிகளோடு உட்காருவாள்.

படிக்கிறவர் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது ஒரே ஆள், அவள் தம்பி. நகரத்துப் பொது நூலகத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறான். அக்கா நிறுவனத்து மென்பொருள்தான் வேண்டும் என்று அடம்பிடித்து வாங்க வைத்தவன். வரி விடாமல் படிப்பது அவனுக்கு ஒரு வியாதி. காய்ச்சலில் கிடந்தாலும் மாத்திரை அட்டையோடு வரும் காகிதத்தை முழுக்கப் படித்துவிட்டுத்தான் விழுங்குவான். அவன் கல்யாணத்தில் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சொன்னபோது, அதைத் தலையிலிருந்து கால்வரை படித்துவிட்டுத்தான் பேனாவைத் திறந்தான். சொந்தக்காரர்கள் பசியோடு நின்றார்கள். அன்றைக்கே பிறந்த வீட்டுக்குத் திரும்பியிருக்க வேண்டும் என்று அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவன் ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் போன் செய்தான். குரலே சரியில்லை.

"அக்கா, டிஸ்க் நிரம்பிடுச்சுன்னு பழைய நகலைக் கழிக்கிற கமாண்டைப் போட்டேன். அதே டிஸ்க்ல மட்டும் இருந்த பழைய செய்தித்தாள் ஸ்கேன் எல்லாம் சேர்ந்து போயிடுச்சு."

இரண்டு வருஷமாக மூன்று பேர் உட்கார்ந்து, நைந்துபோன தாள்களை ஒவ்வொன்றாக விரித்து ஸ்கேன் செய்தது. தாள்கள் அலமாரியில் இருக்கின்றன, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். தலைமை நூலகர் மென்பொருள் நிறுவனத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறார். உதவிப் பிரிவிலிருந்து உடனே பதில் போயிருக்கிறது: எச்சரிக்கை கையேட்டுப் பக்கத்திலேயே தெளிவாக இருக்கிறது, உங்கள் ஊழியர் படிக்கவில்லை. அதை வைத்துத் தம்பிக்கு மெமோ கொடுத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை விசாரணை. அதில் வேலை போனாலும் போகலாம்.

"வேலை போனா போகட்டும்க்கா. வேற தேடிக்கலாம். படிக்காம செஞ்சேன்னு எழுதிட்டாங்க பாரு, அதைத்தான் என்னால தாங்க முடியல."

அவள் பேசிக்கொண்டே அந்தப் பக்கத்தின் கோப்பைத் திறந்தாள். எச்சரிக்கை வரி பளிச்சென்று இருந்தது: ‘.கீப் என்ற கோப்பு உள்ளே இல்லாத அடைவுகளும் சேர்த்தே அழிக்கப்படும்.’ பெயரே புள்ளியில் தொடங்கும் சின்னக் கோப்பு அது. எந்த அடைவை, அதாவது எந்தக் கோப்புறையை, அழிக்கக் கூடாதோ அதற்குள் இதைப் போட்டு வைக்க வேண்டும்.

"இருக்கேடா" என்றாள்.

"என்ன இருக்கு?"

"அந்த வரி. என் கண்ணு முன்னாடியே இருக்கு."

"நான் முழுசாப் படிச்சேன்க்கா. அப்படி ஒரு வரி இல்ல. ஆனா நீ சொன்னா இருக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டான்.

சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘நீ சொன்னா இருக்கும்’ என்று அவன் விட்டுக்கொடுத்ததுதான் அன்றைக்கெல்லாம் அவள் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள் கைப்பையைக்கூடக் கழற்றாமல் தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். வீட்டுக்காரர் காலை மெஷினிலிருந்து எடுத்தார்.

"மாத்திரைக் காகிதத்தையே ரெண்டு தரம் படிக்கிற மச்சான், இந்த ஒரு வரியை விட்டானாமா?"

"கோப்புல இருக்குங்க. நானே பாத்தேன்."

"நீ உள்பக்கத்தைத் திருப்பித் தையலைப் பாத்துட்டு சட்டை நல்லாருக்குன்னு சொல்ற. அவன் போட்டுக்கிட்டுல்ல சொல்றான். நீ போட்டுப் பாத்தியா?"

அவளுக்குச் சுருக்கென்றது. போட்டுப் பார்க்கவில்லை. உதவிப் பிரிவு ஆளும் பார்த்திருக்க மாட்டான். எல்லோரும் கோப்பைத்தான் பார்த்தார்கள். தம்பி ஒருவன்தான் பக்கத்தைப் பார்த்தவன்.

மறுநாள் விடுப்புச் சொல்லிவிட்டு நேரே நூலகத்துக்குப் போனாள். கீழ்த்தளத்தில் கணினி அறை. ஜன்னல் கிடையாது, விசிறிகளின் இரைச்சல், கைப்பிடி உடைந்து டேப் சுற்றிய ஒரு நாற்காலி. தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். ஆனாலும் அந்த நாற்காலியை அவளிடம் தள்ளிவிட்டுத் தான் நின்றுகொண்டான். அவள் கட்டளையின் பெயரை அடித்தாள். பக்கம் வந்தது. அவன் படிக்கிற மாதிரியே, திரையில் விரலை வைத்து, தலைப்பிலிருந்து வரி விடாமல் படித்துக்கொண்டு வந்தாள்.

‘இந்தக் கட்டளை பழைய நகல்களை அழிக்கும். அழித்தவற்றை மீட்க முடியாது.’

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு வாக்கியம் இருக்க வேண்டும். இல்லை. இருந்ததற்கான தடயமும் இல்லை, இடைவெளிகூட இல்லாமல் பக்கம் அழகாக ஒட்டிக்கொண்டிருந்தது.

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தம்பி பயந்துபோய் அவள் தோளைத் தொட்டான்.

"வரி இல்லடா."

"நேத்துலேருந்து நான் என்ன சொல்றேன்?"

காரணமும் அவளுக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது, அதோடு சிரிப்பும் நின்றது. இந்தக் கையேட்டுக்காரர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. கோப்பில் ஒவ்வொரு வாக்கியத்தையும் புது வரியில் தொடங்குவார்கள், பின்னால் திருத்துவதற்குச் சுலபம் என்று. அவளுக்கு முந்தின ஆட்கள் அதைப் பார்க்காமல் வாக்கியங்களைக் கலந்துகட்டி வைத்திருந்தார்கள். போன வருஷம் அவள்தான் மெனக்கெட்டு எல்லாப் பக்கத்தையும் பிரித்து ஒழுங்குபண்ணினாள். மேலாளர்கூட அபூர்வமாகக் கைதட்டினார். அதுவரைக்கும் ‘.கீப்’ என்ற சொல் வரியின் நடுவில் சௌக்கியமாக இருந்தது. வாக்கியத்துக்குத் தனி வரி கிடைத்ததும் அதன் புள்ளி வரியின் தலைக்கு வந்துவிட்டது. தலையில் புள்ளி இருந்தால் அது உத்தரவு. ‘கீப்’ என்று ஓர் உத்தரவு வடிவமைக்கும் நிரலுக்குத் தெரியாது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் தொலைத்தால் என்ன? அது சொல்லவில்லை. முழு வரியையும் சத்தம் காட்டாமல் விழுங்கிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டது. பிரித்து முடித்த அன்றைக்கு அவள் நாலைந்து பக்கத்தைத் திறந்து பார்த்தாள், சரியாக இருந்தன, மற்றதும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

"அப்ப தப்பு உன்னோடதாக்கா?" என்றான் தம்பி.

"ஆமாண்டா."

அவன் கொஞ்சம் யோசித்தான். "அப்ப விட்டுடு. உங்க மேலாளர் எப்படா நிறுத்தலாம்னு இருக்கார். இதைச் சொன்னா பக்கத்தோட சேத்து உன்னையும் நிறுத்திடுவார். நான் ஏதாவது சொல்லிச் சமாளிச்சுக்கறேன்."

"வாயை மூடு. நீ படிச்சேங்கறதை நான் சொல்லாம வேற எவன் வந்து சொல்வான்?"

அங்கிருந்து நேரே அலுவலகத்துக்குப் போய் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மேலாளர் முழுக்கக் கேட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"நாம ஒத்துக்கிட்டா எல்லாம் நம்ம தலையில விடியும்மா. உதவிப் பிரிவு ஏற்கெனவே பதில் போட்டாச்சு. அதை மாத்தினா நல்லாவா இருக்கும்?"

பதினாறு வருஷமாக ‘சரி சார்’ என்று சொன்ன வாய் அது. அன்றைக்கு வேறு பேசியது.

"சார், யாரும் படிக்கறதில்லன்னு நீங்கதான் தினமும் சொல்றீங்க. ஒருத்தர் படிச்சிருக்கார். வரி விடாமப் படிச்சிருக்கார். நம்ம பக்கத்தை நம்பிக் கையை வெச்சிருக்கார். அவரைப் படிக்காதவர்னு சொல்ல நான் விடமாட்டேன். நீங்க வேலையை விட்டுத் தூக்கினாலும் வெள்ளிக்கிழமை நான் அங்க இருப்பேன்."

மேலாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "எத்தனை மணிக்கு? நானும் வரேன்" என்றார்.

நூலகத்தின் கூட்ட அறையில் நீள மேசை. ஒரு முனையில் தலைமை நூலகர், கறாரான அம்மா, முன்னால் உதவிப் பிரிவின் பதிலும் மெமோவும். மறுமுனையில் தம்பி, இஸ்திரி போட்ட சட்டையில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான். புள்ளியம்மா தன் மடிக்கணினியைச் சுவர்த் திரையில் போட்டாள். இடது பக்கம் கோப்பு, வலது பக்கம் அதே கோப்பிலிருந்து வரும் பக்கம்.

"ரெண்டையும் நீங்களே சத்தமாப் படிங்கம்மா."

இடது பக்கத்தைப் படித்தார், எச்சரிக்கை இருந்தது. வலது பக்கத்தைப் படித்துக்கொண்டே வந்தவர் நின்றார். மேலே போய் மறுபடி படித்தார்.

"இங்க காணோமே."

"அவர் பாத்தது அதைத்தாம்மா. யார் திறந்தாலும் அதுதான் வரும். வரியை மறைச்சது என் வேலை, போன வருஷம் நான் பண்ணின தப்பு."

சொல்லிவிட்டு, இடது பக்கத்தில் அந்தப் புள்ளிக்கு முன்னால் இரண்டே குறிகளைத் தட்டினாள். அச்சில் வராத குறிகள் அவை, ‘இது உத்தரவில்லை, வெறும் எழுத்து’ என்று நிரலுக்குச் சொல்பவை. வலது பக்கத்தை மறுபடி திறந்தாள். வரி வந்து நின்றது. குறிகளை அழித்தாள், வரி போனது. போட்டாள், வந்தது.

"இன்னொரு தரம் பண்ணுங்க" என்றார் தலைமை நூலகர். குரலில் இப்போது கறார் இல்லை. அவள் இன்னொரு தரம் செய்தாள். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்துவிட்டார்கள், தம்பியைத் தவிர. அவன் தலையைக் குனிந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான்.

தலைமை நூலகர் மெமோவை எடுத்து, குறுக்கே ஒரு கோடு போட்டார். கோட்டுக்குக் கீழே எழுதியதை உரக்கவும் படித்தார்: "அவர் படித்தார். வரிதான் அங்கே இல்லை." மேலாளர் தொண்டையைச் செருமி, செய்தித்தாள்களை மறுபடி ஸ்கேன் செய்யத் தன் ஆட்கள் இரண்டு பேரை அனுப்புவதாகச் சொன்னார். யாரும் அவரைக் கேட்கவில்லை. வாசல் வரைக்கும் அவள் தரையில் நடந்தாளா என்பது அவளுக்கே தெரியாது.

அடுத்த வாரம் எல்லாப் பக்கங்களையும் சல்லடை போட்டுச் சலிக்க ஒரு சின்ன நிரல் எழுதினாள். தெரியாத உத்தரவு எங்கே இருந்தாலும் அது கத்தும். இன்னும் சில வரிகள் அப்படி விழுங்கப்பட்டுக் கிடந்தன, ஒவ்வொன்றாக வெளியே இழுத்துப் போட்டாள். சாப்பாட்டு மேசையில் புதிதாக வந்த ஒருவர் "இதையெல்லாம் யார் சார் படிக்கிறாங்க" என்று தொடங்கியபோது, மேலாளர் டப்பாவை மூடினார். "ஒருத்தர் இருக்கார். அவருக்குப் பயந்து எழுதுங்க" என்றார். பக்கங்களை நிறுத்துகிற பேச்சு அதோடு நின்றது.

திருத்தத்தைச் சேர்க்கும்போது என்ன மாற்றினோம் என்று ஒரு வரி எழுத வேண்டும். ‘புள்ளி சரிசெய்யப்பட்டது’ என்று எழுதுவதுதான் அவள் வழக்கம். இந்தத் தடவை ‘வாசகர் சொன்னது சரி’ என்று எழுதினாள். வாசகர் என்ற சொல்லை அந்த இடத்தில் எழுத அவளுக்கு இதுவரை வாய்ப்பே வந்ததில்லை.

புதுப் பதிப்பு வெளியான அன்றைக்குத் தம்பியே போன் செய்தான்.

"போட்டுட்டேன்க்கா. பக்கத்தைத் திறந்திருக்கேன்."

"வந்திருக்கா?"

"இரு, படிக்கிறேன்."

"அந்த இடத்துக்கு நேராப் போயேன்டா."

"இரு."

தலைப்பிலிருந்து ஆரம்பித்துவிட்டான் என்று தெரிந்துவிட்டது. அவள் போனைக் காதோடு அணைத்துக்கொண்டு காத்திருந்தாள். மறுமுனையில் விசிறிகளின் இரைச்சலும், வாய்க்குள்ளேயே படிக்கிற முணுமுணுப்பும் கேட்டன. முணுமுணுப்பு ஓரிடத்தில் நின்றது.

"இருக்குக்கா" என்றான்.