தொட்டிக்கு மேலே ஒரு ஏரியல்

கிழக்குத் தாம்பரத்தில் நாங்கள் குடியிருந்த மாடிப் போர்ஷனை இப்போது நினைத்தாலும் எனக்குக் குமட்டுகிறது. இத்தனைக்கும் பார்க்க நல்ல வீடு. சிவப்பு சிமென்ட் தரை, பெரிய ஜன்னல்கள், ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விடலாம். என் கணவர் தினமும் பாரிஸ் கார்னருக்கு ரயிலேறி வேலைக்குப் போவார். நான் பக்கத்திலேயே ஒரு பெண்கள் பள்ளியில் இயற்பியல் டீச்சர். கீழ் போர்ஷனில் வீட்டுக்காரரும் அவர் மனைவியும். அவர் ஓய்வுபெற்ற அதிகாரி. நாங்கள் போகும் கிறிஸ்தவக் கோவிலிலேயே ஞாயிறு ஆராதனையில் வேதபாடம் வாசிப்பவர். கணீரென்ற குரல். அந்தக் குரலைக் கேட்டுத்தான் நாங்கள் அந்த வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தோம் என்று சொன்னால் தப்பில்லை.

எனக்கு அப்போது சிற்றலை வானொலிப் பித்து. பள்ளி விட்டு வந்து காப்பி குடித்த கையோடு ரேடியோவின் முன் உட்காருவேன். முள்ளை மெல்ல நகர்த்தினால் எங்கிருந்தோ ஒரு குரல் மேலெழும்பி வரும், மறுபடியும் மூழ்கிப் போகும். என்ன மொழி, எந்த ஊர் என்று கண்டுபிடிப்பதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம். "இதனால உனக்கு என்ன பிரயோஜனம்?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. ஆண்பிள்ளை திருகினால் பொழுதுபோக்கு, பெண்பிள்ளை திருகினால் கோளாறு. பதில் சொல்லிச் சொல்லிச் சலித்து, கடைசியில் கேட்பவர்களை முறைக்க மட்டும் செய்தேன்.

மொட்டைமாடியில் இரண்டு மூங்கில் நட்டு நீளமாக ஒரு செம்புக் கம்பியைக் கட்டியிருந்தேன். அதுதான் முதல் ஏரியல். ஒரு நாள் வானொலியில் ஒன்றுமே வரவில்லையே என்று மேலே போய்ப் பார்த்தால், வீட்டுக்காரரின் மனைவி அதில் ஈரப் புடவை, பாவாடை, கோணிச்சாக்கு எல்லாவற்றையும் காயப்போட்டிருந்தார். கம்பி தொய்ந்து தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. "சும்மா கிடந்த கம்பிதானே டீச்சர்" என்றார். சொல்லிப் பார்த்தேன். அடுத்த வாரம் போர்வை தொங்கியது.

போதாததற்கு மின்சார ரயில். ஒவ்வொரு வண்டியும் ஸ்டேஷனை விட்டுக் கிளம்பும்போது மேல்கம்பியில் பொறி பறக்கும். அந்தப் பொறி அத்தனையும் என் கம்பி வழியாக இறங்கி, எண்ணெயில் அப்பளம் பொரிகிற மாதிரி ரேடியோவில் இரையும். கீழ்வீட்டு ட்யூப்லைட்டும் சேர்ந்துகொள்ளும். நீளக் கம்பி என்றால் நல்லதையும் பிடிக்கும், குப்பையையும் பிடிக்கும்.

பக்கத்திலிருந்த கல்லூரியின் நூலகத்தில் ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையைப் புரட்டியபோது எனக்கு வழி கிடைத்தது. நீளக் கம்பியே வேண்டாம். கை நீளத்துக்கு ஒரு உலோகக் குச்சி போதும். அதன் அடியிலேயே ஒரு சின்னப் பெட்டியில் டிரான்சிஸ்டர் வைத்து, குச்சி பிடிக்கும் மெல்லிய அலையை அங்கேயே பெருக்கிக் கீழே அனுப்ப வேண்டும். அதற்கு வேண்டிய பேட்டரி மின்சாரமும் அதே கேபிள் வழியாகவே மேலே போகும். கேபிளுக்கு மேலே பின்னிய கம்பி உறை இருப்பதால் வீட்டுக்குள் இருக்கும் இரைச்சல் அதில் ஏறாது. குச்சியை மட்டும் ரயிலுக்கும் ட்யூப்லைட்டுக்கும் எட்டாமல், எவ்வளவு உயரமாக முடியுமோ அவ்வளவு உயரமாக வைக்க வேண்டும்.

மூர் மார்க்கெட்டில் பழைய ஜீப் ஏரியல் ஒன்று கிடைத்தது. சோப்புப் பெட்டிக்குள் டிரான்சிஸ்டரையும் மற்றதையும் நானே பற்றவைத்தேன். மழை இறங்காமலிருக்க மெழுகுவர்த்தியை உருக்கி உள்ளே ஊற்றினேன். என் கணவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "குளிக்கிற சோப்பா, கேக்கிற சோப்பா?" என்று சிரித்தார். அந்த வீட்டில் நான் சிரித்த கடைசி நாட்களில் அதுவும் ஒன்று.

மொட்டைமாடியில் மிக உயரமான இடம் தண்ணீர்த் தொட்டி. அதன் மேல் இரும்புக் குழாய் ஒன்றை நிறுத்தி, உச்சியில் சோப்புப் பெட்டியைப் பொருத்துவதாகத் திட்டம். ஒரு சனிக்கிழமை காலையில் என் கணவர் ஏணியைப் பிடித்துக்கொள்ள நான் ஏறினேன். மேல்படியில் கால் வைத்ததுமே நாற்றம் அடித்தது. எங்கேயோ பெருச்சாளி செத்திருக்கிறது என்று நினைத்தேன். குழாயைக் கட்ட இடம் பார்க்கும்போது தொட்டியின் மூடி விலகியிருப்பது கண்ணில் பட்டது. குனிந்தேன்.

தண்ணீரில் ஒரு காகம் மிதந்தது. காகம் என்று சொல்ல இறகுதான் மிச்சம். உடம்பு ஊதி, பிரிந்து, சுற்றிலும் மஞ்சளாய் ஒரு ஏடு படர்ந்திருந்தது. அதற்கும் கீழே இன்னொன்று, அணிலா எலியா தெரியவில்லை, வால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் ஏணியில் நின்றபடியே வாந்தியெடுத்தேன். கீழே நின்ற என் கணவர் பாவம், நகரவும் முடியாமல் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மாடிக் குழாய்க்கு அந்தத் தொட்டியிலிருந்துதான் தண்ணீர் வந்தது. நாங்கள் அதில்தான் குடித்தோம், சமைத்தோம். கீழ் போர்ஷன்காரர்கள் கிணற்றிலிருந்து குடத்தில் எடுத்துக்கொள்வார்கள். வயதானவர்கள் ஏன் இப்படி இறைத்துக் கஷ்டப்படுகிறார்கள் என்று நான் பரிதாபப்பட்டதுண்டு.

விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் பதறுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "காக்கா விழறது சகஜம் டீச்சர். எடுத்துப் போட்டுட்டு கொஞ்சம் குளோரின் போட்டா சரியாயிடும்."

"போன தடவை எப்ப போட்டீங்க சார்?"

அவர் மடித்த செய்தித்தாளை மறுபடி விரித்தார். நான் மாடிக்குப் போய் எங்கள் குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்து அவர் முன்னால் இருந்த ஸ்டூலில் வைத்தேன். "ஒரு வாய் குடிங்க."

அவர் டம்ளரைப் பார்க்கவேயில்லை. அவர் மனைவி உள்ளேயிருந்து வந்து, "அவருக்கு அந்தத் தண்ணி ஒத்துக்காதும்மா" என்றார், மெதுவாக.

அந்த ஒரு வாக்கியம் போதும். அவர்களுக்குத் தெரியும். ஆரம்பத்திலிருந்தே தெரியும். என் கணவருக்கு மாதக் கணக்கில் வயிறு சரியில்லாமல் இருந்ததும், அந்த அம்மாள் ஓமத்திராவகம் கொடுத்தனுப்பியதும் ஞாபகம் வந்தது. எனக்கு வந்தது கோபம் இல்லை. சாக்கடையில் கால் வைத்துவிட்டால் காலை உதறத் தோன்றுமே, அந்த மாதிரி ஒன்று.

தொட்டியைக் கழுவும்வரை நான் விடவில்லை. தெருவில் நான்கு பேர் காதில் விழும்படியே சத்தம் போட்டேன். ஆள் வந்து, வாரி வெளியே போட்டதைப் பார்க்கத் தெருவே கூடியது. வீட்டுக்காரர் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டார். அன்றோடு என்னோடு பேச்சு நின்றது.

கழுவிய தொட்டியின் மேல் ஏரியலை நிறுத்தினேன். கிணற்றடியில் ஈரமண்ணில் ஒரு குழாயை அடித்து எர்த் கொடுத்தேன். முதல் சாயங்காலம் பெரிய ஏமாற்றம். முள்ளை எங்கே நகர்த்தினாலும் சென்னை நிலையத்தின் விவசாயப் பேச்சுதான். பக்கத்து நிலையத்தின் பலம் என் சின்ன டிரான்சிஸ்டரைத் திணறடித்துவிட்டது. பெட்டியை இறக்கி, மெழுகைச் சுரண்டி, சென்னை நிலையத்தை வடிகட்ட ஒரு கம்பிச் சுருளைச் சேர்த்து மறுபடி ஏற்றினேன். பிறகு வந்தது பாருங்கள்! ரயில் ஸ்டேஷனில் கிளம்புகிறது, ஜன்னல் கம்பி அதிர்கிறது, ரேடியோவிலோ ஒரு பெண் தெளிவாக, ஏதோ குளிர்தேசத்து மொழியில் செய்தி வாசிக்கிறாள். மூச்சு விடுவது கூடக் கேட்டது. நான் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருஷ டிசம்பரில் நாட்டின் எல்லையில் யுத்தம் மூண்டது. விமானத்தளம் பக்கத்திலிருந்ததால் தாம்பரத்தில் எங்கே பார்த்தாலும் ஒற்றன் பேச்சு. ஒரு மாலை வாசலில் ஒரு போலீஸ்காரர் வந்து நின்றார். அவர் தோளுக்குப் பின்னால் வீட்டுக்காரர்.

"இன்னாம்மா, மேல கம்பி கீதாமே? எங்கயோ சேதி அனுப்பிகினு கீறேன்னு சார் சொல்றாரு."

"அனுப்பறது இல்லீங்க. கேக்கறதுக்கு மட்டும்தான். போஸ்ட் ஆபீஸ்ல பணம் கட்டின ரேடியோ லைசென்ஸ் இருக்கு."

"கேக்கறதுக்கு இன்னாத்துக்கு தொட்டி மேல? எல்லார் வூட்லயும் ரேடியோ கீது, யாரு தொட்டி மேல ஏறிகினு கீறாங்க?"

வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார், அதே மணிக்குரலில். "நமக்கு தேசம் முக்கியம் இல்லையா டீச்சர்?"

போலீஸ்காரர் மேலே ஏறிக் குச்சியை வளைத்துப் பிடுங்கி, சோப்புப் பெட்டியோடு எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு என் கணவரோடு போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கிருந்த அதிகாரி லைசென்ஸைப் பார்த்தார், பெட்டியை முகர்ந்தார், "மெழுகுவர்த்தியா இது?" என்று கேட்டார். ஐந்து நிமிஷம் விளக்கினேன். எரிச்சலோடு கையை வீசி, "எடுத்துக்கிட்டுப் போங்கம்மா" என்றார். திருப்பித் தந்தபோது கேபிள் அறுந்திருந்தது. நான் மறுபடி பற்றவைத்து, மறுபடி ஏற்றினேன். பிடிவாதம்தான்.

அதற்கு நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, வீட்டுக்காரர் மாடிப்படி ஏறி வந்தார். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம். "லண்டன்ல தமிழ்ல செய்தி சொல்றானாமே டீச்சர். நம்ம செட்டுல ஒரே இரைச்சல். உங்களுதுல தெளிவா கேக்குதுன்னு..."

என்னிடம் அதைச் சொல்ல அவருக்குக் கொஞ்சம்கூடக் கூசவில்லை. நாற்காலியைக்கூட இழுத்துவிட்டார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் ரேடியோவை அணைத்தேன். "சார், எனக்கு உங்க பக்கத்துல உக்கார முடியல. இறங்கிப் போயிடுங்க" என்றேன். வாழைப்பழத்தையும் எடுத்துக்கொண்டு போனார். ஞாயிற்றுக்கிழமை கோவிலில் அவர் எழுந்து வேதபாடம் வாசித்தபோது நான் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றேன். பிறகு வேறு கோவிலுக்குப் போக ஆரம்பித்தோம்.

பொங்கல் கழித்து குரோம்பேட்டையில் வேறு வீடு கிடைத்தது. காலி செய்யும் அன்று நான் ஏரியலை இறக்கிக்கொண்டிருந்தேன். புதிதாகக் குடிவரப் போகும் ஒரு இளம் தம்பதி வீட்டைப் பார்க்க வந்திருந்தார்கள். அந்தப் பெண்ணைத் தனியாக அழைத்துத் தொட்டியைக் காட்டினேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மூடியைத் தினம் பாருங்கள், முடிந்தால் வேறு வீடு தேடுங்கள் என்றேன்.

அவள் மூக்கைச் சுளித்துக்கொண்டு கேட்டாள். பிறகு தண்டவாளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "ஸ்டேஷன் ரொம்ப கிட்டக்கா. தண்ணிய காய்ச்சி குடிச்சுக்கறோம்" என்றாள். "அவரு தங்கமான மனுஷர்னு எல்லாரும் சொல்றாங்க."

நான் கம்பியைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கி, லாரியில் டிரைவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பி வெகுதூரம் போன பிறகும் வாயில் அந்தத் தண்ணீரின் ருசி இருந்துகொண்டேயிருந்தது.