சக்கரத்திலிருந்து இறங்கிய வள்ளம்

எங்கள் முற்றத்தில் ஒரு வள்ளம் நின்றது என்று சொன்னால் அது பாதி உண்மை. வள்ளம் ட்ரெய்லரின் மேல் இருந்தது, ட்ரெய்லர்தான் முற்றத்தில் நின்றது. என் கணவரிடம் கேட்டால் அது பெரிய வித்தியாசம் என்பார். சக்கரத்தின் மேல் இருக்கிற வள்ளத்தை எந்தக் காலையிலும் வாவிக்கு உருட்டிக்கொண்டு போகலாம். மண்ணில் இறக்கிவிட்டால் அது வெறும் வீட்டுச் சாமான்.

அவர் வாவியிலும், அது கடலோடு சேர்கிற முகத்துவாரம் தாண்டிக் கரைக்கடலிலும் வலை போட்டவர். சிறுநீரகம் இரண்டும் பழுதான பிறகு தொழில் நின்றது. ஆஸ்பத்திரியில் அவரை ஓர் இயந்திரத்தோடு இணைத்து இரத்தத்தைச் சுத்தப்படுத்துகிறார்கள். அதற்காக இடது கையில் இரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள். தொட்டால் உள்ளே இன்ஜின் ஓடுவதுபோல அதிரும். அந்தக் கையால் பாரம் தூக்கக் கூடாது, கயிறு இழுக்கக் கூடாது, அதன் மேல் தலை வைத்துப் படுக்கவும் கூடாது. குடிக்கிற தண்ணீருக்கும் அளவு. தண்ணீரிலேயே கிடந்த மனிதருக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கிற வேலை எனக்கு வாய்த்தது. நான் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள். ஒரு வகுப்புப் பிள்ளைகளைக் கட்டி மேய்ப்பதைவிட இந்த ஒருவரைச் சமாளிப்பது கஷ்டம்.

ஆஸ்பத்திரிக்குப் போகாத நாட்களில் அவர் வள்ளத்தோடுதான் இருப்பார். வலது கையால் துடைப்பார். கரையான் ஏறியிருக்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பைபர் வள்ளத்தில் கரையான் எங்கே வரும்? அதையும் பார்ப்பார். என் தம்பி வந்தால் முதல் பேச்சே, "டயருக்குக் காத்து இரிக்கா, பாரு" என்பதுதான். அவன் பம்பை எடுத்துவந்து அடிப்பான். எங்கும் போகாத டயருக்கு என்னத்துக்குக் காற்று என்று நான் குசினியிலிருந்து கத்துவேன்.

"உனக்கென்னகா தெரியும்" என்பார்.

எனக்குத் தெரிந்ததுதான் பிரச்சினை. டொக்டர் ஒருநாள் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருந்தார். வேறு சிறுநீரகம் வைப்பதை இவருடைய இதயம் தாங்காது, இப்படியே கொண்டுபோகிற வரைக்கும் கொண்டுபோவோம் என்றார். அதை நான் வீட்டில் சொல்லவில்லை. சொல்லாமல் வைத்துக்கொண்டு, ட்ரெய்லருக்குக் கீழே கூட்டும்போதெல்லாம் வள்ளத்தை ஏசித் தீர்த்தேன்.

ஆஸ்பத்திரியில் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் கொக்கட்டிச்சோலைப் பக்கத்து விவசாயி ஒருவர் படுத்திருப்பார். இயந்திரம் ஓடுகிற நேரம் முழுக்க இவர் வள்ளத்தைப் பற்றிச் சொல்லுவார், அவர் தன் வயல் வட்டையில் விளைந்த நெல்லைப் பற்றிச் சொல்லுவார். ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டதாகத் தெரியவில்லை. ஒரு கிழமை அந்தக் கட்டிலில் வேறு ஒருவர் படுத்திருந்தார். எங்கே அவர் என்று என் கணவர் யாரிடமும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் என் தம்பிக்குப் போன் எடுத்து டயருக்குக் காற்று அடிக்க வரச் சொன்னார்.

ட்ரெய்லர் எங்களுடையது அல்ல. ஓட்டமாவடியில் அவருக்கு ஒரு முஸ்லிம் கூட்டாளி இருக்கிறார், அவர்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நானும் அவரை நானா என்று கூப்பிடுவேன். சிறுநீரக வருத்தம் வந்த புதிதில் வள்ளத்தைக் கரையிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவர அவர்தான் ட்ரெய்லரைக் கொடுத்தார். ஒரு மாதத்தில் சுகம் வந்துவிடும் என்று எல்லோரும் நினைத்ததால் வள்ளத்தை இறக்காமலே விட்டோம். மாதம் வருடமாகியும் நானா வாய் திறந்து கேட்கவில்லை. ஆனால் அவருடைய தம்பி பாசிக்குடாவில் வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக் கடல் காட்டுகிறவர். மாரி தொடங்கிக் கடல் பொங்கும் முன் அந்தப் படகை மேலே கொண்டுவந்தாக வேண்டும். வேறு ட்ரெய்லர் எங்கும் கிடைக்கவில்லை. நானா எனக்குப் போன் எடுத்து, மழையைப் பற்றி, பிள்ளைகளைப் பற்றி என்று சுற்றிவளைத்துப் பேசிவிட்டுக் கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தார்.

"மச்சான்கிட்ட இத எப்படிச் சொல்றண்டு எனக்கு விளங்குதில்ல தங்கச்சி."

"நான் சொல்றன் நானா. நீங்க வாங்க" என்றேன்.

சொன்னேன். என் கணவர் அப்போது சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். "அவன்ட சாமான். அவன் கேட்டாக் குடுக்கத்தானே வேணும்" என்றார். கொஞ்சம் பொறுத்து, "இறக்கி வெச்சிட்டு, அவன்ட வேலை முடிய மறுகா ஏத்தலாம்" என்றார். நான் "ஓம்" என்றேன். அந்த ஓமைச் சொல்லிவிட்டு அங்கே நிற்க முடியாமல் கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை நானா தன் சின்ன லொறியோடு வந்தார். என் தம்பியும், பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி இரண்டு பேரும் வந்தார்கள். மூன்று பேரும் என் கணவரோடு தொழில் செய்தவர்கள். அவர் வேப்பமரத்துக்குக் கீழே பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு எப்படி இறக்குவது என்று விளக்கினார். தூக்கி இறக்க ஆள் போதாது. அதனால் வள்ளத்தின் பின்பக்கத்தைக் கயிற்றால் வேப்பமரத்தோடு கட்ட வேண்டும். லொறி ட்ரெய்லரை வாசல் பக்கம் மெல்ல இழுக்கும். வள்ளம் கயிற்றில் நிற்க, ட்ரெய்லர் அடியிலிருந்து உருவிக்கொண்டு போகும். பின்பக்கம் இறங்குகிற இடத்தில் பழைய டயர்களைப் போட்டிருந்தார்கள். ஆட்கள் இரண்டு பக்கமும் நின்று வள்ளம் சரியாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

"ஒருத்தரும் தள்ளக் கூடாது. சும்மா பிடிச்சுக்கொண்டு நிண்டாச் சரி" என்றார்.

முடிச்சைத் தானே போடுவதாக எழுந்தார். "அந்தக் கை!" என்று நான் கத்தினேன். திரும்பவும் இருந்துவிட்டார். என் தம்பி முடிச்சைப் போட்டான்.

லொறி உறுமியது. ட்ரெய்லர் அசையவில்லை. இவ்வளவு காலம் ஒரே இடத்தில் நின்றதில் சக்கரங்கள் மண்ணில் புதைந்துபோயிருந்தன. நானா இன்னும் கொஞ்சம் மிதித்தார். அப்போது என் கணவர் கதிரையில் இருந்தபடியே, "ஏ… லேலோ!" என்று குரல் கொடுத்தார்.

அவர் நினைத்துக் கொடுத்த குரல் அல்ல அது. எங்கள் கரையில் வள்ளம் நகர வேண்டுமென்றால் ஒருவர் ஏலேலோ சொல்வார், மற்றவர்கள் ஐலசா சொல்லித் தோள் கொடுப்பார்கள். இவர்களுடைய கூட்டத்தில் ஏலேலோ சொல்கிறவர் எப்போதும் என் கணவர்தான். அந்தக் குரல் கேட்டால் உடம்பு யோசித்துக்கொண்டு நிற்பதில்லை. வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க வந்த மூன்று பேரும் "ஐலசா!" என்று ஒரே தள்ளாகத் தள்ளினார்கள். சக்கரம் குழியை விட்டு ஏறியது. கயிறு இறுகி, என் தம்பி போட்ட முடிச்சு வழுக்கிக் கழன்றது. இறங்க வேண்டிய வள்ளம் ட்ரெய்லரில் அப்படியே இருந்துகொண்டு வாசல் வரைக்கும் ஓடியது. வாசலுக்கு அங்கால் ஒடுங்கிய ஒழுங்கை, அந்தத் தெரு முடிந்தால் வாவி.

"ஏலேலோ!" என்று மறுபடியும் கத்தினார். இந்தத் தரம் தெரிந்தே கத்தினார். கதிரையை விட்டு எழுந்து நின்றிருந்தார். வருத்தம் வருவதற்கு முந்திய முகம் அவருக்கு வந்திருந்தது.

நானா பிரேக் போட்டு இறங்கி ஓடிவந்தார். "என்ன மச்சான் இது? இறக்கச் சொன்னா ஊர்வலம் போறீங்க!"

எல்லோரும் சிரித்தார்கள். என் கணவர் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். எத்தனை காலத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒரு சிரிப்பு. இப்படியே ஒழுங்கையால் தள்ளிக்கொண்டுபோய் வாவியில் விட்டால் என்ன, என்ன நடந்தாலும் நடக்கட்டும் என்று, எல்லாம் தெரிந்த எனக்கே ஒரு பைத்தியம் பிடித்தது.

ட்ரெய்லரைப் பின்னுக்கு எடுக்கத்தான் வேண்டியிருந்தது. பழைய இடத்துக்குக் கொண்டுவந்து, இந்த முறை இரண்டு கயிறு கட்டினார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவன், "நீங்க சத்தம் குடுக்காதீங்கண்ணன். எங்கட கை தன்னால தள்ளுது" என்றான். பகிடியாகத்தான் சொன்னான். என் கணவர் வாயை மூடிக்கொண்டார்.

ஒரு வள்ளத்தைச் சத்தமில்லாமல் நகர்த்துவதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். லொறியின் உறுமலும், வள்ளத்தின் அடி இரும்பில் உராய்கிற சத்தமும்தான். ட்ரெய்லர் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போக, பின்பக்கம் தாழ்ந்து டயரில் குந்தியது. கடைசியில் நானாவும் லொறியை நிறுத்திவிட்டு வந்து, நாலு பேருமாக முன்பக்கத்தைத் தோளில் வாங்கி மண்ணில் வைத்தார்கள். எங்கள் ஊரில் பிரேதம் எடுக்கும்போதுகூட வாய்விட்டு அழ விடுவார்கள். இதற்கு அதுவும் இல்லை.

வேலை முடிந்தும் யாரும் போகவில்லை. கிழக்கே வானம் கறுத்திருந்தது. எல்லோரும் வள்ளத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். மாரியில் நிமிர்ந்து கிடக்கிற வள்ளம் தண்ணீர்த் தொட்டியாகிவிடும். நுளம்பு வரும், டெங்கு வரும், சுகாதாரப் பரிசோதகர் வந்து ஏசுவார். கவிழ்த்து வைத்தால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்தில் ஓட்டை அடைக்கவோ பெயின்ட் அடிக்கவோதான் வள்ளத்தைக் கவிழ்ப்பார்கள். அப்படி ஒரு வேலையும் இல்லாமல் மரத்தடியில் கவிழ்ந்து கிடந்தால், அந்த வீட்டில் தொழிலுக்குப் போக இனி ஆள் இல்லை என்று வழியால் போகிறவர்கள் விளங்கிக்கொள்வார்கள். அதனால் கவிழ்ப்போம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

"கவிழ்த்துங்க" என்றார் என் கணவர்.

ஒருவரும் அசையவில்லை. நான்தான் பாய்ந்தேன். "என்னத்துக்குக் கவிழ்க்கிற? முன்பக்கத்துக்கு ரெண்டு கல்லு வெச்சு உசத்தி, பின்னால இரிக்கிற அடைப்பைக் கழட்டி விட்டாத் தண்ணி தன்பாட்டில போகும். தறப்பாள் ஒண்டு போட்டு மூடுவம். நான் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொள்றன்."

அந்த வள்ளத்தைக் கொளுத்திப் போடுங்கள் என்று வாய்கூசாமல் சொன்னவள் நான். இப்போது கல் வைக்கிறேன், தறப்பாள் போடுகிறேன் என்று கெஞ்சினேன். எனக்கு நம்பிக்கை செத்து வெகுநாள். அவருடைய நம்பிக்கையை ஏசிக்கொண்டே, அதில் சாய்ந்துகொண்டுதான் நான் ஒவ்வொரு காலையும் எழும்பியிருக்கிறேன். அது அந்த இடத்தில்தான் எனக்கு விளங்கியது. அதுவும் போனால் அந்த வீட்டில் வேறு ஒன்றும் இல்லை.

அவர் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"டொக்டர் உன்னைக் கூப்பிட்டுக் கதைச்ச அண்டைக்கே எனக்குத் தெரியும்கா. உன்ட மூஞ்சியில எழுதி ஒட்டின மாதிரி இரிந்தது. நீ தாங்கமாட்டாயெண்டுதான் நானும் டயருக்குக் காத்து அடிச்சுக்கொண்டு இரிந்தன். காணும் இனி. இதோட போதும்."

என் தம்பி முகத்தைத் திருப்பிக்கொண்டான். நானா தொப்பியைக் கழற்றி, துடைத்து, திரும்பவும் போட்டுக்கொண்டார்.

நானாவும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரும் ஒரு பக்க விளிம்பைத் தூக்கினார்கள். சாய்ந்து வருகிற மறுபக்கத்தைத் தாங்க என் தம்பி ஒருவன்தான் நின்றான். "நீயும் ஒரு கை பிடி" என்றார் என் கணவர். நான் வீட்டுச் சட்டையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்ப் பிடித்தேன். அவர் துடைத்துத் துடைத்து அந்த விளிம்பு வழவழவென்று இருந்தது. வள்ளம் ஒருக்களித்து நின்று, பிறகு எங்கள் கைகளில் பாரமாக இறங்கி, கவிழ்ந்தது. உள்ளே கிடந்த, தண்ணீர் இறைக்கிற பாதி வெட்டிய பிளாஸ்டிக் கலன் உருண்டு வெளியே வந்தது. என் தம்பி அதை எடுத்தான். எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றான்.

நானா தேத்தண்ணி வேண்டாம் என்றுவிட்டார். "அல்லாஹ் இரிக்கான் தங்கச்சி" என்று சொல்லி லொறியில் ஏறினார். வெறும் ட்ரெய்லர் துள்ளித் துள்ளி ஒழுங்கையில் போனது.

அன்றைக்கு மழை ஏமாற்றிவிட்டது. பின்னேரம் வெயில் எறித்தது. என் கணவர் கிணற்றடியில் குளித்துவிட்டு ஈரத் துவாயோடு வந்தார். கொடியில் இடம் இருந்தது. அவர் கொடியைத் தாண்டிப் போய், கவிழ்ந்து கிடந்த வள்ளத்தின் மேல் துவாயை விரித்து, சுருக்கத்தை வலது கையால் நீவிவிட்டார்.

"நல்ல வெயில்" என்றார் என்னிடம். "உன்ட உடுப்பையும் கொண்டுவந்து இதில போடு."