ரப்பர் கேட்டு வாங்கிய பதிப்பு

அந்த மருத்துவமனையின் டேட்டாபேஸைப் பார்த்துக்கொண்டவருக்கு எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் ரப்பர். பரிசோதனை முடிவை யாராவது தப்பாக ஏற்றிவிட்டால், மனு எழுதி, மூன்று கையெழுத்து வாங்கித் திருத்த இரண்டு நாளாகும். ரப்பருக்கு ஒரு போன் போதும். நேராக உள்ளே போய் மாற்றிவிடுவார், எங்கும் எழுதி வைக்க மாட்டார். பதினோரு வருஷம் அடுத்தவர் தப்பை அழித்தே நல்ல பெயர் வாங்கினார். அந்த நல்ல பெயரை வைத்து என்ன செய்வது என்று இப்போது கேட்டால் அவருக்கே தெரியாது.

டேட்டாபேஸ் மென்பொருளில் புதிய பதிப்பு வந்தது என்று கேட்டதும் மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. நிர்வாகி அம்மாவின் அறைக்கு நடையாய் நடந்தார்.

“மேடம், தேடுறது பல மடங்கு வேகம். அதவிட முக்கியம், யாரு எத மாத்தினாலும் பழசு அழியாது. போன செவ்வாக்கிழமை பத்து மணிக்கு என்ன இருந்துச்சுன்னு கேட்டா அப்படியே காட்டும். மாத்தினவங்க பேரோட!”

“அது நமக்கு எதுக்கு?”

“நாளைக்கு ஒரு பிரச்சினைன்னா யாரும் பொய் சொல்ல முடியாது மேடம்.”

அட மக்கு மனுஷா! அந்த ‘யாரும்’ என்பதில் தானும் சேர்த்தி என்று அவருக்கு உறைக்கவே இல்லை. தானே உட்கார்ந்து பதிப்பை ஏற்றினார், அந்த வசதியையும் தன் கையாலேயே திறந்துவிட்டார். போன்கள் மட்டும் வந்துகொண்டே இருந்தன. உதவி செய்வதை யார் போய் நோண்டப் போகிறார்கள் என்று அவரும் மாற்றிக்கொண்டே இருந்தார்.

பரிசோதனைக்கூடத்தில் அவர் தங்கை வீட்டுக்காரர் இருந்தார். ரப்பர் கெஞ்சிக் கூத்தாடி வாங்கிக்கொடுத்த வேலை அது. ஐந்தாம் மாதம், ஒரு மத்தியானம் அவரிடமிருந்து போன்.

“மச்சான், ரெண்டு பேரோட சுகர் ரிசல்ட்ட மாத்திப் போட்டுட்டேன். கொஞ்சம் பாருங்களேன்.”

“என்ன மாப்பிள்ளை, இந்த மாசத்துல இது மூணாவது. இருங்க... ஆச்சு, போங்க.”

தப்பான எண்ணைப் பார்த்து டாக்டர் இன்சுலின் போடச் சொல்லி, நோயாளி வார்டில் மயங்கி விழுந்த பிறகுதான் அந்தப் போன் வந்தது. மாப்பிள்ளைக்கு அது தெரியும். மச்சானிடம் மூச்சு விடவில்லை.

நோயாளி மூன்றாம் நாள் இறந்துபோனார். விசாரணை அறையில் புதிய பதிப்பு எல்லாவற்றையும் ஒப்பித்தது. தப்பாக ஏற்றியது மாப்பிள்ளை. ஆள் விழுந்து இருபது நிமிஷம் கழித்து மாற்றியது ரப்பர்.

“தப்பா ஏத்தினது கவனக்குறைவு. விழுந்தப்புறம் மாத்தினது திருட்டுத்தனம்,” என்றார் மேடம்.

“மாப்பிள்ளைதான் போன்ல சொன்னாரு மேடம். இதோ இருக்காரு, கேளுங்க.”

மாப்பிள்ளை மேசையைப் பார்த்தபடியே சொன்னார்: “நான் ஒண்ணும் சொல்லலைங்க. ஏன் மாத்தினாருன்னே எனக்குத் தெரியாது.”

உள் போன் பேச்சுக்குப் பதிவு கிடையாது.

“இந்த அஞ்சு மாசத்துல இப்படி எத்தனை?” என்றார் மேடம்.

அந்தக் கேள்வியைக் கணினியிடம் போட வேறு யாருக்கும் தெரியாது. ரப்பரே கீபோர்டை இழுத்து அடித்தார். இவ்வளவையும் தேட முன்பென்றால் நாலு நிமிஷம் ஆகும், அதற்குள் மாப்பிள்ளைக்கு மனசு இளகிவிடும் என்று ஒரு நப்பாசை. விரலை எடுப்பதற்குள் பதில் வந்துவிட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு. எல்லாவற்றிலும் அவர் பெயர். அதில் ஒன்பது, மேடமே போன் செய்து மாற்றச் சொன்னவை. ரப்பர் நிமிர்ந்து மேடத்தின் முகத்தைப் பார்த்தார்.

“நல்ல வேகம்தான்,” என்ற மேடம், அடையாள அட்டையைக் கழற்றி வைக்கச் சொன்னார்.