டிரே தூங்குகிறது

ஜெராக்ஸ் மிஷினைக் கண்டுபிடித்தவர் யார் என்று எனக்குப் பத்து வயதில் யாராவது கேட்டிருந்தால், கொஞ்சமும் யோசிக்காமல் எங்கள் மாமா என்று சொல்லியிருப்பேன். இல்லை என்பவர்களோடு டூ விட்டிருப்பேன். இப்போது நான் வேலை பார்க்கும் ஆபீசில் ஒரு பட்டனைத் தட்டினால் பிரதிகள் சூடாக வந்து விழுகின்றன. எல்லோரும் அந்த மிஷினை மெச்சும்போது எனக்கு மட்டும் லேசாகக் கோபம் வரும். மாமாவின் இடத்தில் வேறு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும்.

மாமா அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கி, மிஷன் பள்ளிக்கூட ஆபீசில் கிளார்க்காக இருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. கருமத்தம்பட்டியிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளியிருந்த எங்கள் ஊரில் தறிச்சத்தம் ஓயாது. பகல் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டிருந்தால் கண்ணைத் திறந்துகொண்டே தூங்குகிற மாதிரி இருக்கும். கரண்ட் போய்த் தறி நின்றால்தான் ஊருக்கு விழிப்பு வரும். எல்லோரும் வெளியே வந்து, ஒருவரையொருவர் அப்போதுதான் பார்க்கிறவர்கள் போலப் பார்த்துக்கொள்வார்கள்.

எங்கள் தெருவில் தோட்ட வேலைக்குப் போகாமல் ஆபீஸ் வேலைக்குப் போன முதல் ஆள் மாமாதான். அதனால் யாருக்கு எந்த மனு எழுத வேண்டுமென்றாலும் எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். ரேஷன் கார்டு, பட்டா, தெருக் குழாய் என்று மனுவுக்குப் பஞ்சமே இல்லை. தாசில்தாருக்கு ஒன்று, கலெக்டருக்கு ஒன்று, நமக்கு ஒன்று என்று ஒரே மனுவை நான்கைந்து தடவை எழுத வேண்டும். ஜெராக்ஸ் எடுக்கலாம் என்று பஸ் ஏறி அவிநாசிக்குப் போனால் அங்கே கரண்ட் இருக்காது. பள்ளிக்கூடத்தில் நகல் எடுக்க ஒரு சைக்ளோஸ்டைல் மிஷின் இருந்தது. அதன் சாவி தலைமையாசிரியை சிஸ்டரின் இடுப்பில் இருந்தது. மாமாவின் நடுவிரலில் பேனா அழுத்திய இடம் காய்த்துப் போயிருக்கும். நான் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

வெளிநாட்டில் யாரோ ஒருவர், இப்படி நகல் எழுதி எழுதி வெறுத்துப்போய்த்தான் நகல் எடுக்கும் மிஷினைக் கண்டுபிடித்தாராம். ஏதோ பழைய பத்திரிகையில் மாமா படித்திருக்கிறார். "அந்த மனுசனும் ஊட்டுச் சமையக்கட்டுலதாங் கண்ணு ஆரம்பிச்சாரு" என்று என்னிடம் சொல்வார். சொல்வது என்னிடம், கேட்க வேண்டியது அம்மா.

ஏனென்றால் மாமாவும் சமையல்கட்டில்தான் ஆரம்பித்தார். தச்சர்கள் பலகை ஒட்டுகிற வஜ்ரப் பசையை ஊறப்போட்டுக் காய்ச்சினார். மருந்துக்கடையில் வாங்கிய கிளிசரினை அதில் ஊற்றிக் கிளறினார். அந்த நாற்றத்துக்கு வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து போனது, மறுநாள்தான் திரும்பி வந்தது. "சோறாக்கற சட்டில என்னத்தடா காச்சிப்போட்ட?" என்று அம்மா கத்தினாள். அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே நடந்துவிட்டார். முதல் தடவை பசை இறுகவே இல்லை. அடுத்த தடவை செருப்பு மாதிரி இறுகிவிட்டது. மூன்றாவது தடவை காய்ச்சியதை, அம்மா கல்யாணத்துக்கு வந்த எவர்சில்வர் டிரேயில் ஊற்றி ஆறவைத்தார். விருந்தாளிகளுக்குக் காபி கொண்டுபோகும் டிரே அது. மறுநாள் தொட்டுப் பார்த்தால், குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்று இருந்தது.

ரப்பர் ஸ்டாம்புக்குப் போடும் கத்தரிப்பூ நிற மையைத் தொட்டு மாமா ஒரு தாளில் என் பெயரை எழுதினார். அதைக் கவிழ்த்து டிரேயின் மேல் பரப்பிவிட்டு, சர்ச்சில் சொல்லும் விசுவாசப் பிரமாண ஜெபத்தை ஒரு தடவை சொல்லச் சொன்னார். மிஷினுக்கு ஆசீர்வாதம் என்று நினைத்து நான் கைகூப்பிச் சொன்னேன். உண்மையில் எங்கள் வீட்டுக் கடிகாரம் ஓடாது, அவருக்கு நேரக்கணக்கு வேண்டியிருந்தது. தாளை உரித்தபோது என் பெயர் பசைக்குள் தலைகீழாகக் கிடந்தது. அதன் மேல் வெள்ளைத்தாளை வைத்துத் தடவி எடுத்தால், நேரான என் பெயர். இன்னொரு தாள், இன்னொரு நான். தரை முழுக்க என்னைப் பரப்பி வைத்துவிட்டு, ஜன்னல் வெயிலில் உட்கார்ந்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷமாக அதற்கப்புறம் நான் இருந்ததாக நினைவில்லை.

மாமா போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "எடுத்து முடிச்சதும் ஈரப்பஞ்சில தொடச்சுப்போட்டு ரெண்டு நாளு தூங்க உடோணும் கண்ணு. மை பூராவும் அடியில எறங்கிப் போயிரும். அதுக்குள்ள எழுப்புனா டிரே ஒளறும்." வீட்டில் யாரும் அப்புறம் டிரேயை டிரே என்றே சொல்லவில்லை. அது முழித்திருக்கிறதா, தூங்குகிறதா என்றுதான் பேச்சு.

சனிக்கிழமைகளில் மாமா என்னை ஊர் நடுவில் இருந்த டீக்கடைக்குக் கூட்டிப்போவார். அந்தக் கடையில் எனக்கு ரொம்பப் பெருமை. மற்றவர்களெல்லாம் உள்ளே பெஞ்சில் நெருக்கியடித்துக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகக் கிடக்கிற கிளாஸில் குடிப்பார்கள். எங்கள் தெருக்காரர்களுக்கு மட்டும் வெளியே தனியாக ஒரு பலகை, அதன் மேல் தனி கிளாஸ். எங்கள் கிளாஸை நாங்களேதான் எடுத்துக்கொள்வோம், குடித்துவிட்டு நாங்களேதான் கழுவிக் கவிழ்த்து வைப்போம். வேறு யாருக்கும் அதைக் கொடுக்கமாட்டார்கள். "நமக்குன்னு தனியா வெச்சிருக்காங்க மாமா" என்று ஒருநாள் அவரிடம் சொன்னேன். மாமா கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவியதையே திரும்பவும் கழுவினார்.

அந்த மாதக் கடைசியில் நாங்கள் தெருப் பிள்ளைகள் சேர்ந்து ஒரு நாடகம் போடுவதாக முடிவானது. பேசும் யானையைப் பற்றிய நாடகம். கதை, வசனம், யானை மூன்றும் நான். நாடகம் என்றால் நோட்டீஸ் வேண்டுமே. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிரேயை எடுக்கப் போனால், அது தூங்குகிறது என்றார் மாமா. முந்தின நாள் நாங்கள் எல்லோரும் சோமனூருக்குப் போயிருந்தபோது அவர் ஏதோ எடுத்திருந்தார். என்ன என்று கேட்டேன், "ஆபீஸ் வேலை" என்றார்.

மாமா வெளியே போனதும் நான் டிரேயின் மேல் குனிந்து பார்த்தேன். எழுத்து ஒன்றும் இல்லை. அடியில் கத்தரிப்பூ நிறத்தில் புகை மாதிரி என்னவோ கிடந்தது. நன்றாகத் தூங்கிவிட்டது, இனி எழுப்பலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, 'அன்புடையீர், வருகிற ஞாயிறு மாலை எங்கள் தெருவில் பேசும் யானை நாடகம், அனைவரும் வருக' என்று எழுதிப் பிரதிகள் எடுத்தேன். முதலில் வந்தவை பளிச்சென்று இருந்தன. போகப் போக என் எழுத்து வெளிறியது. வெளிற வெளிற, வரிகளுக்கு நடுவே வேறு எழுத்துகள் மேலே வந்தன. கிணற்றுத் தண்ணீருக்கடியில் காசு தெரியுமே, அப்படித் தெரிந்தன. டிரே உளறுகிறது என்று புரிந்தது. ஆனால் பார்க்க அழகாக இருந்தது. நான் அதை வாசிக்கக்கூட இல்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் வகுப்பு முழுக்கக் கொடுத்தேன். டீக்கடைக்காரர் மகன் என் நண்பன் என்பதால் அவனுக்கு இரண்டு.

அன்று சாயங்காலம் டீக்கடைக்காரரும், எங்கள் தெருவே பண்ணாடி என்று அழைக்கும் தோட்டத்துக்காரரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். பண்ணாடியின் தோட்டத்தில்தான் அப்பாவுக்கு வேலை. அவர் எங்கள் தெருவுக்குள் வந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை. அம்மா உள்ளே வரச் சொன்னாள், வரவில்லை. அம்மா சமையல்கட்டுக்கும் வாசலுக்குமாக நடந்தாள். காபி கொண்டுபோக டிரே இல்லையே என்று கவலைப்படுகிறாள் என்று நினைத்தேன்.

பண்ணாடி என் நோட்டீஸை நீட்டி, "இது ஆரு எழுதுனது?" என்றார்.

நான் முந்திக்கொண்டேன். "நாந்தானுங்க! ஞாயித்துக்கெழம நீங்களும் வந்துருங்க."

பண்ணாடி சிரித்துவிட்டார். "புள்ள எழுதுனதாமப்பா" என்று டீக்கடைக்காரரிடம் சொல்லிவிட்டு மாமாவைப் பார்த்தார். அதோடு விட்டுவிட்டுப் போக அவருக்கும் விருப்பம்தான் என்று இன்று தோன்றுகிறது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "ஆமாங்க, சின்னப்புள்ளைங்க, தெரியாம எழுதிப்போட்டாளுங்க." அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மாமா ஒன்றும் சொல்லாமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும்.

மாமா அந்தத் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம் பார்த்திருப்பார். பிறகு சொன்னார். "மேல இருக்கறதுதானுங்க அவ எழுதுனது. அடியில மங்கலாத் தெரியுதே, அது என்னுதுங்க."

அடியில் இருந்தது ஒரே வரி. அந்தத் தாளை அம்மா வெகுகாலம் பைபிளுக்குள் வைத்திருந்தாள், அதனால் எழுத்துக்கு எழுத்து நினைவிருக்கிறது. 'ஏனுங்க, எல்லாரும் ஒரே கிளாஸில் குடித்தால் டீ கசந்துபோகுமாங்க?' ஊரையே எதிர்த்துக் கேட்ட கேள்வியிலும் மாமா ஒரு 'ங்க'வைக்கூட விட்டுவிடவில்லை.

யாரும் சத்தம் போடவில்லை. எங்கள் பக்கம் பெரிய காரியங்கள் சத்தமில்லாமல்தான் நடக்கும். "படிச்ச பையன்னு நெனச்சேன். செரி" என்றார் பண்ணாடி. நான் ஆளான பிறகும் வெகுநாள் அந்தச் செரி என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மறுநாளிலிருந்து அப்பாவுக்குத் தோட்டத்தில் வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமை எங்கள் யானை எங்கள் தெருவோடு மட்டும் பேசியது. இரண்டு வாரத்தில் மாமா கோயம்புத்தூருக்குக் கிளம்பினார், கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. அவர் ஊரில் இல்லையென்றால் அப்பாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வதாகப் பேச்சு. கூப்பிட்டுக்கொண்டார்கள். டீக்கடையில் அந்தப் பலகை இன்னும் பல வருஷம் இருந்தது. இப்போது எல்லோருக்கும் பேப்பர் கப். அதைக் கண்டுபிடித்தவர் எதை நினைத்துக் கண்டுபிடித்தாரோ, எங்கள் ஊரை நினைத்து இருக்காது.

பஸ் ஸ்டாப்பில் நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். "தூங்கறப்ப எழுப்பிப்போட்டேன் மாமா. அதுதான் ஒளறிருச்சு." டிரேயைக் கெடுத்ததற்காகத்தான் அவர் கோபித்துக்கொண்டு போகிறார் என்று நம்பிக்கொண்டிருந்தேன். மாமா சிரித்தார். "நல்ல வேளைக்கு எழுப்புன கண்ணு. நானா இருந்தா எழுப்பியிருக்க மாட்டேன்" என்றார். என்னைச் சமாதானப்படுத்துகிறார் என்று நினைத்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அம்மா அவர் கட்டிலுக்கடியில் கூட்டச் சொன்னாள். சுவரோரம் ஒரு டப்பா நிறைய மைதாப் பசை, காய்ந்து கல்லாகி, பிரஷ் அதிலேயே நட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் சணலால் கட்டிய காகிதக் கட்டு. அத்தனை தாளிலும் அந்த ஒரே வரிதான். பிரதி எடுத்தால் மூலையில் பென்சிலால் நம்பர் போடுவது மாமாவின் ஆபீஸ் பழக்கம். நான் எண்ணிப் பார்த்தேன். ஒன்றிலிருந்து முப்பது வரை, ஒன்றுகூடக் குறையவில்லை.

பாவம் மாமா, இவ்வளவு பாடுபட்டு எடுத்துவிட்டு ஊர்ச் சுவரில் ஒட்ட மறந்துபோயிருக்கிறாரே என்று நினைத்தேன். அடுத்த தடவை வரும்போது ஞாபகப்படுத்த வேண்டும் என்று, கட்டைத் திரும்ப இறுக்கிக் கட்டி இருந்த இடத்திலேயே வைத்தேன்.