கருமாதிக்குப் போன கொடி எழுத்து

மீனாம்பாள் இலங்கைப் பதுளைக் கடைத்தெருவில் அச்சுக்கூடம் நடத்தியது ஆசைப்பட்டு அல்ல. புருஷன் வைரவநாதனுக்கு வலப்பக்கம் விழுந்துபோயிற்று. காலையில் அவரைக் குளிப்பாட்டி, கஞ்சி புகட்டி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு, அவர் நின்ற இடத்தில் போய் இவள் நின்றாள். இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. எந்த ஈய எழுத்து தட்டின் எந்தக் குழியில் கிடக்கிறது என்று கைக்குத் தெரியும். அது போதுமாயிருந்தது.

அந்த வீட்டுக்குச் சோறு போட்டது ஒரு தட்டு ஈய எழுத்து. பேனாவால் வளைத்து எழுதியதுபோல் ஒன்றோடொன்று கைகோத்து ஓடும். ஊரில் அதற்குக் கொடி எழுத்து என்று பெயர். மாப்பிள்ளை பெண் பெயரை அதில் இங்கிலீஷில் போடாவிட்டால் வியாபாரிகளுக்குக் கல்யாணமே நடந்ததாகத் தோன்றாது. சோடாப் போத்தல் சீட்டுக்கும் அதையே கேட்பார்கள். ஓயாமல் அடித்தால் எழுத்தின் மயிரிழை வால்கள் ஒடிந்துபோகும் என்று சொன்னால் யார் காதில் ஏறுகிறது?

ஜெர்மன்காரனோடு முதல் பெரிய சண்டை மூண்டதற்கு முந்திய வருஷம், தெமோதரைத் தோட்டத்துக் கங்காணி ரெங்கசாமி தாயாரின் கருமாதிப் பத்திரிகைக்கு வந்தான்.

"பெரியாயிங்கிற பேரைக் கொடி எழுத்துல போடுங்கம்மா."

"அது கல்யாண எழுத்துப்பா."

"எங்காத்தா கல்யாணத்துக்கு யாரு பத்திரிகை அடிச்சா? கப்பலேறி வந்து கூலி லயத்துக் குடிசையிலயே போயிருச்சு. பேரு ஒரு தடவையாவது அழகா இருக்கட்டுமே."

மீனாம்பாள் கொடி எழுத்துத் தட்டை இழுத்தாள். கறுப்புக் கரை கட்டி அடித்துக் கொடுத்தாள்.

அந்தப் பத்திரிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு துணிக்கடைக் கதிர்காமநாதன் படியேறினார். மகள் புஷ்பத்தின் கல்யாணப் பத்திரிகையை அவர் இங்கேதான் அடிக்கக் கொடுத்திருந்தார். அவர் விலகினால் மற்றக் கடைக்காரர்களும் விலகுவார்கள். அப்புறம் வைரவநாதனின் கஞ்சிக்கே வழியில்லை.

"சாவுக்குப் போன எழுத்துல எம் மக பேரா? உனக்குப் புத்தி இருக்கா, மீனாம்பா?"

"ஒவ்வொரு வேலை முடிஞ்சதும் மை போகக் காரத்தண்ணி ஊத்தித் தேய்ச்சுக் குளிப்பாட்டித்தான் வைக்கிறேன், முதலாளி. துக்க வீட்டுக்குப் போய்ட்டு வந்து நீங்ககூட அவ்வளவு சுத்தமாக் குளிச்சிருக்க மாட்டீங்க."

"கிண்டலா? சீமையிலிருந்து புதுசா வரவழை."

"அது வர்றதுக்குள்ள புஷ்பம் புள்ளைக்குப் பேரே வச்சிருவா."

"அப்ப இனிமே தோட்டத்து ஆளுங்க சாவுக்கு அதைத் தொடமாட்டேன்னு சத்தியம் பண்ணு."

அச்சுக்கூடத்துப் பின்னறைக் கட்டிலில் வைரவநாதன், பண்ணிவிடு என்பதுபோல் குழறினார். மீனாம்பாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நீங்க பேசாமப் படுங்க!" என்று அவரை அதட்டிவிட்டு, புஷ்பத்தின் பெயரை நேர் எழுத்தில் கோத்து ஒரு தாள் அடித்து நீட்டினாள். "இந்தாங்க. இது சாராயக் கடை ஏல நோட்டீசுக்குப் போன எழுத்து. சாவுக்குப் போகல."

கதிர்காமநாதன் தாளைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். "தேயிலைப் பெட்டி மேல அடிச்ச மாதிரி இருக்கே! சம்பந்தி வீட்டுல சிரிப்பாங்க."

"அப்ப கண்டிக்குப் போங்க. அங்க உள்ள எழுத்து எத்தனை சாவுக்குப் போச்சுன்னு யாரு உங்ககிட்டச் சொல்லப்போறா?"

அவர் தாளை மடித்து மேசையில் வைத்தார். "மஞ்சத்தண்ணியாவது தெளி" என்றார்.

"ஈயத்துல தெளிச்சா வால்ல அடைச்சுக்கும். தட்டுல தெளிங்க, மரந்தானே."

தெளித்தார். புஷ்பத்தின் பெயர் கொடி எழுத்திலேயே அச்சேறியது. சத்தியம் வாங்க மறந்தாரோ, வெட்கப்பட்டாரோ, மறுபடி கேட்கவில்லை.

அவர் பத்திரிகைக் கட்டை வாங்கிக்கொண்டிருக்கும்போதே எல்ல ஊர்ப் பக்கத்துத் தோட்டக் கங்காணி ஒருவன் தயங்கித் தயங்கி உள்ளே வந்தான். தகப்பனுக்குக் கருமாதியாம், பெரியாயிக்குப் போட்ட எழுத்தே வேண்டுமாம்.

"உட்காருப்பா," என்றாள் மீனாம்பாள், முதலாளி காதில் விழும்படியே. "பேரைச் சொல்லு."